ஊசித் துளையில் நிற்காத ரத்தம் மெஷினில் ஏன் உறைகிறது?

கேள்வி: சிஸ்டர், என் அப்பாவுக்கு 61 வயது, 60 கிலோ எடை. வியாசர்பாடியில் டீக்கடை வைத்திருந்தார். இருபது வருடமாகச் சர்க்கரை. மூன்று வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஒன்றரை வருடமாகத் திங்கள், வியாழன் டயாலிசிஸ். இடது கையில், டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துச் செய்த பிஸ்டுலா. இந்த ஒரு மாதத்தில் இரண்டு தடவை, ரத்தத்தை வடிகட்டும் டயாலைசர் அடைத்துக்கொண்டது. முதல் தடவை, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் மருந்து போட்டும் மூன்றாவது மணி நேரத்தில் அடைத்தது. அன்று அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவை, புதன்கிழமை சாயங்காலம் பல் பிடுங்கியதால் வியாழக்கிழமை ஹெப்பாரின் இல்லாமல் செய்தார்கள். இரண்டு தடவையும் ரத்தத்தைத் திருப்பி ஏற்ற முடியாமல் அப்படியே தூக்கிப் போட்டார்கள். 9.8 இருந்த ஹீமோகுளோபின் 8.1 ஆகிவிட்டது. ஆனால் இரண்டு மாதமாக, ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆகிறது. அப்பாவின் ரத்தம் கெட்டியா, தண்ணியா? வெயில் தாங்காமல் தண்ணீர் குடித்து ஒவ்வொரு தடவையும் நாலு கிலோ ஏறிப் போகிறார். ஹெப்பாரினைக் கூட்டச் சொல்லலாமா? பூண்டு கொடுத்தால் ரத்தம் இளகும் என்கிறார்கள். என் சமையலில் ஏதாவது தப்பா? அப்பா இனி டயாலிசிஸுக்கே போக மாட்டேன் என்கிறார்.
– வாசகி, வியாசர்பாடி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. இரண்டு மாதமாக ஊசி எடுத்தபின் ரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆகிறது என்கிறீர்கள். உங்களைக் குழப்புகிற அந்த விஷயம்தான் எனக்கு வழி காட்டுகிறது. டயாலிசிஸ் அறையில் நர்ஸாக 27 வருடம் நின்றிருக்கிறேன். மருந்தின் அளவை முடிவு செய்கிறவர் உங்கள் சிறுநீரக மருத்துவர், அதில் நான் குறுக்கே வர மாட்டேன். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், மெஷின் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் சமையல். ரத்தம் மெஷினில் உறைந்ததற்கும் நீங்கள் வைத்த குழம்புக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பாரத்தை இன்றே இறக்கி வையுங்கள். உப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்பா டீக்கடைக்காரர் என்பதால் அவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். காய்ச்சிய பாலை அப்படியே வைத்தால் ஆடை கட்டும். ஆற்றிக்கொண்டே இருந்தால் கட்டாது. ரத்தமும் ஓட்டம் நின்றால், அல்லது மந்தமானால், கட்ட ஆரம்பிக்கும். அதோடு இன்னொன்று. நம் ரத்தக் குழாயின் உட்சுவர் உயிருள்ளது, ரத்தம் தன்மேல் ஒட்டாமல் அதுவே பார்த்துக்கொள்ளும். டயாலிசிஸ் லைன் பிளாஸ்டிக். அதைத் தொட்ட நொடியிலேயே 'இது உடம்புக்கு வெளியே' என்று ரத்தத்துக்குத் தெரிந்துவிடும். அடிபட்டால் எப்படி உறைய வேண்டுமோ அப்படி உறையத் தயாராகிவிடும். டயாலைசருக்குள் சுமார் பத்தாயிரம் இழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் துளையும் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர்தான். நிமிடத்துக்கு 250 மில்லி வீதம் நாலு மணி நேரம் ஓடினால் 60 லிட்டர். உங்கள் அப்பாவின் உடம்பில் மொத்தமே நாலு லிட்டர் சொச்சம் ரத்தம்தான் இருக்கும். ஆக, அத்தனை ரத்தமும் ஒரே உட்காரலில் பதினான்கு தடவை அந்த இழைகளுக்குள் புகுந்து வெளியே வருகிறது. இதைத் தடுக்க எதுவும் செய்யாவிட்டால் உறையாமல் இருப்பதுதான் அதிசயம். எனவே 'அப்பாவின் ரத்தம் கெட்டி' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் ரத்தத்தையும் உங்கள் ரத்தத்தையும் அந்த மெஷினில் ஓட்டினாலும் இதேதான் நடக்கும்.

இது டயாலிசிஸின் பிறப்பிலேயே வந்த சிக்கல். ஜெர்மனியில் கீசன் நகரத்து மருத்துவர் கியோர்க் ஹாஸ் 1924இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டயாலிசிஸ் செய்தபோது, ரத்தம் உறையாமல் இருக்க ஹிருடின் என்ற பொருளைத்தான் பயன்படுத்தினார். அது அட்டைப்பூச்சியின் உமிழ்நீரில் இருப்பது. மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் போய் அட்டை கடி வாங்கியவர்களுக்குத் தெரியும், பூச்சியைப் பிய்த்துப் போட்ட பிறகும் கடிவாய் கசிந்துகொண்டே இருக்கும். நம் சித்த மருத்துவத்தில் அட்டை விடுவது என்று ஒரு முறையே உண்டு. ஆனால் அந்தக் காலத்து ஹிருடினைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை, அது நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1916இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர் நாயின் ஈரலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளைக் கண்டார். அந்த வழியில் வந்ததுதான் ஹெப்பாரின், பெயரே ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அது கைக்கு வந்த பிறகுதான் டயாலிசிஸ் தினசரி வைத்தியமாக முடிந்தது.

ஹெப்பாரின் இருக்கும்போது ஆஸ்பிரின் எதற்கு, ஆஸ்பிரின் இருக்கும்போது ஏன் உறைகிறது என்று கேட்டிருக்கலாம் நீங்கள். இரண்டும் வேறு வேறு வேலை பார்க்கின்றன. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைக் குறைக்கும், ஸ்டென்ட்டுக்கு அது போதும். பிளாஸ்டிக்கைத் தொட்டதும் ரத்தத்தில் சங்கிலியாக ஓட ஆரம்பிக்கும் உறைதல் வேலையை அது நிறுத்தாது. அதற்கு ஹெப்பாரின்தான் வேண்டும். ஆனால் ஒன்று, டயாலைசர் அடைத்ததே என்று ஆஸ்பிரினைக் கூட்டவோ, பல் பிடுங்க வேண்டும் என்று நீங்களாக நிறுத்தவோ கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிர் விஷயம்.

சரி, இப்போது அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன்.

பிஸ்டுலாவில் ரத்தம் நாடியிலிருந்து (தமனி) நேராக நரம்புக்குள் (சிரை) பாய்கிறது. அந்த நரம்பு மேலே தோள் பக்கம் போகும் வழியில் எங்காவது சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வருகிற ரத்தம் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, குழாய்க்குள் அழுத்தம் ஏறும். ஊசியை எடுத்ததும் அந்த அழுத்தத்தில் துளை வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் 'ரத்தம் தண்ணியாகிவிட்டது' என்று நினைப்பீர்கள். அதே சுருக்கம் மெஷின் ஓடும்போது வேறு வேலை செய்யும். சுத்தமான ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்புகிற பக்கத்தில் அழுத்தம் கூடி, வீனஸ் பிரஷர் அலாரம் அடிக்கும். ஒவ்வொரு அலாரத்துக்கும் பம்ப் நின்று நின்று ஓடும். ஆற்றாமல் வைத்த பாலை நினைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு, மேலே போக முடியாத ரத்தம் பக்கத்து ஊசி வழியாக மறுபடி மெஷினுக்கே வரும். ஏற்கெனவே தண்ணீர் பிழியப்பட்ட ரத்தம், இரண்டாவது தடவை பிழியப்பட்டு இன்னும் கெட்டியாகும். மூன்றாவது மணி நேரத்தில் டயாலைசர் அடைத்துக்கொள்ளும். வீட்டில் ரத்தம் நிற்காததும் மெஷினில் ரத்தம் உறைந்ததும் ஒரே நோயின் இரண்டு முகமாக இருக்கலாம்.

'இருக்கலாம்' என்றுதான் சொல்கிறேன். கடிதத்தை வைத்து யாரும் பிஸ்டுலாவைச் சோதிக்க முடியாது. ஆனால் நீங்கள் வீட்டிலேயே மூன்று விஷயம் பார்க்கலாம். அப்பாவைப் படுக்க வைத்து, பிஸ்டுலா இருக்கும் கையை நேராக மேலே தூக்கச் சொல்லுங்கள். புடைத்திருக்கும் நரம்பு, கை நெஞ்சுக்கு மேலே போனதும் தளர்ந்து அமுங்க வேண்டும். அமுங்காமல் கயிறு மாதிரி விறைத்தே நின்றால், மேலே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அடுத்து, விரல் நுனியை மெதுவாக வையுங்கள். பூனை உறுமுவது போன்ற தொடர் அதிர்வு இருக்க வேண்டும், நாங்கள் அதைத் த்ரில் என்போம். அதற்குப் பதிலாக 'டக் டக்' என்று சுத்தியலால் தட்டுகிற மாதிரித் துடித்தால் அதுவும் நல்ல அடையாளம் இல்லை. அப்புறம், வலது கையையும் இடது கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடது கை வீங்கியிருக்கிறதா?

இதில் எது இருந்தாலும், எதுவும் இல்லாவிட்டாலும்கூட, 'பிஸ்டுலாவுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டுமா, டாக்டர்?' என்று கேளுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, கையில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள். சுருக்கம் தெரிந்தால் பலூன் வைத்து விரிக்கலாம். இதைத் தள்ளிப் போட்டால் ஒரு நாள் பிஸ்டுலாவே அடைத்துவிடும். அப்புறம் கழுத்தில் குழாய், புது பிஸ்டுலா, அது பழுக்கும் வரை காத்திருப்பு என்று நீளும். இரண்டு டயாலைசர் போனதைவிட எனக்கு இதுதான் பெரிய பயம்.

அரை மணி நேரம் நிற்காததற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. ஹெப்பாரினை ஆரம்பத்தில் ஒரு அளவு கொடுத்து, பிறகு மணிக்கு இவ்வளவு என்று சிரிஞ்ச் பம்ப்பில் ஓட்டுவார்கள். பிஸ்டுலா உள்ளவர்களுக்கு முடிவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிடுவது வழக்கம். ரத்தத்தில் ஹெப்பாரின் பாதியாகக் குறைய ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். கடைசி நிமிடம் வரை ஓடினால் ஊசித் துளை கசியத்தான் செய்யும். எத்தனை மணிக்கு நிறுத்துகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல் விஷயம். அதில் உங்கள் மையம் செய்தது சரிதான். முந்தின நாள் சாயங்காலம் பிடுங்கிய பல் குழி, அதோடு ஆஸ்பிரின், அதற்கு மேல் ஹெப்பாரின் என்றால் வாயெல்லாம் ரத்தமாகியிருக்கும். சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தட்டணுக்கள் இருந்தாலும் அவை சரியாக வேலை செய்யாது. ஹெப்பாரின் இல்லாமல் ஓட்டும்போது, பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை 100, 200 மில்லி சலைன் விட்டு டயாலைசரை அலச வேண்டும். பம்ப் வேகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு உயர்த்தி வைக்க வேண்டும். யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இத்தனை செய்தும் சில சமயம் அடைக்கும். அது தெரிந்தே எடுக்கிற முடிவு. ஒரு டயாலைசர் போனால் போகட்டும், ஆளுக்கு ரத்தப்போக்கு வரக் கூடாது.

இனிமேல் ஒன்று செய்யுங்கள். பல் பிடுங்குவதானாலும் கண்ணில் ஊசி போடுவதானாலும் டயாலிசிஸுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு அது செவ்வாய் அல்லது வெள்ளி. ஹெப்பாரின் உடம்பை விட்டுப் போயிருக்கும், உடம்பும் கொஞ்சம் தெளிந்திருக்கும், அடுத்த டயாலிசிஸுக்குள் புண் ஆற நேரமும் இருக்கும். பல் டாக்டரிடம் ஆஸ்பிரின், டயாலிசிஸ் இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டயாலிசிஸ் மையத்தில் ஊசி குத்துவதற்கு முன்பு சொல்ல வேண்டியவை வேறு: கீழே விழுந்தாரா, மூக்கில் ரத்தம் வந்ததா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, கண் பார்வை திடீரென்று மங்கியதா. நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

நாலு கிலோ கதைக்கு வருகிறேன். நாலு மணி நேரத்தில் நாலு லிட்டர் எடுக்கும்போது ரத்தத்திலிருந்து தண்ணீர் வேகமாகப் போகிறது, மிச்சம் இருப்பது கெட்டியாகிறது, அதுவும் டயாலைசருக்குள்ளேயே. பிரஷர் இறங்கும், பம்ப் வேகத்தைக் குறைப்பார்கள், மந்தமான ஓட்டத்தில் இன்னும் உறையும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு மணிக்கு 13 மில்லிக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கணக்கு. 60 கிலோவுக்கு நாலு மணியில் அது மூன்று லிட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது. சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்காதே என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனால் தாகத்தைக் கிளப்புவது உப்பு. நான் சொல்வதாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தை இதுதான்: ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள். டம்ளரைச் சின்னதாக மாற்றுங்கள். அப்போதும் எடை இறங்காவிட்டால், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் முடியுமா என்று மருத்துவரிடம் பேசுங்கள்.

இப்போது ஹீமோகுளோபின். இதில் உங்களை ஒரு நிமிடம் நிதானிக்கச் சொல்கிறேன். ஒரு முறை லைனும் டயாலைசரும் மொத்தமாக அடைத்தால் ஏறக்குறைய 150லிருந்து 200 மில்லி ரத்தம் போகும். நாலு லிட்டர் சொச்சத்தில் 200 மில்லி என்பது ஐந்து சதவீதம். 9.8 என்பது முதல் தடவைக்குப் பிறகு 9.3 ஆகும், இரண்டாவது தடவைக்குப் பிறகு 8.9 பக்கம் வரும். உங்கள் ரிப்போர்ட் 8.1 என்கிறது. மிச்சம் எங்கே போனது?

வெறும் தண்ணீர் கூடியதாலும் எண் குறைந்து தெரியலாம். நாலு கிலோ ஏறிப் போன அன்று, டயாலிசிஸுக்கு முன்பு எடுத்த ரத்தம் என்றால் கொஞ்சம் நீர்த்துத்தான் வரும். ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசி சில தடவை விட்டுப் போயிருக்கலாம். இரும்புச் சத்து தீர்ந்திருக்கலாம். இந்த ஹீமோகுளோபினில் 200 மில்லி ரத்தத்தோடு சுமார் 60 மில்லிகிராம் இரும்பு போய்விடும், சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் எடுத்துக்கொள்ளும். கீரையைக் கூட்டி இதை ஈடு கட்ட முடியாது. பொட்டாசியம் வேறு ஏறிவிடும், அந்த வழியே வேண்டாம். ஆனால் எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது வேறு. அப்பாவுக்கு மலம் தார் மாதிரி, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு கறுப்பாகப் போகிறதா? ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் சேர்ந்தால் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் கசியலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் அந்த நாற்றமும் இருக்காது. வெட்கப்படாமல் கேளுங்கள். அப்படி இருந்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஹெப்பாரினைக் கூட்டச் சொல்லலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். உள்ளே எங்கோ கசிகிறவருக்கு ஹெப்பாரினைக் கூட்டினால் டயாலைசர் பிழைக்கும், ஆள் ஆபத்தில் மாட்டுவார். சுருக்கம் உள்ள பிஸ்டுலாவுக்கு எவ்வளவு ஊற்றினாலும் சுருக்கம் அப்படியேதான் இருக்கும். காரணம் தெரிந்த பிறகு மருத்துவரே கூட்டலாம், அல்லது ஆரம்பத்தில் ஒரே ஊசியாகப் போடும் எனாக்ஸபாரின் போன்ற மருந்துக்கு மாற்றலாம். அது அவர் முடிவு. போகிற போக்கில் அதே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் தட்டணு எண்ணிக்கையையும் பாருங்கள். முன்பு இருந்ததில் பாதியாகக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். அபூர்வமாக ஹெப்பாரினே உடம்புக்கு எதிராகத் திரும்பி, தட்டணுவைக் குறைத்துக்கொண்டே ரத்தத்தை உறைய வைக்கும். பெரும்பாலும் ஹெப்பாரின் ஆரம்பித்த ஐந்திலிருந்து பதினான்கு நாளுக்குள் வருவது அது. ஒன்றரை வருடம் ஆன உங்கள் அப்பாவுக்கு வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அந்த எண்ணைப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும்.

மெஷின் பக்கத்திலும் தவறு நடக்கும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். காலை ஷிஃப்ட், ஆறு மெஷினுக்கு இரண்டு பேர். ஒருவருக்கு ஹெப்பாரின் சிரிஞ்சைப் பம்ப்பில் மாட்டினேன், பம்ப்பை ஓட விட்டேன், அந்தச் சின்ன லைனில் இருக்கும் கிளாம்ப்பைத் திறக்க மறந்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சேம்பரில் நுரை கட்டி, வலைக்கு மேலே கறுப்புத் திராட்சை மாதிரி ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. சிரிஞ்சில் மருந்து அப்படியே இருந்தது. எதையும் திருப்பி ஏற்ற முடியவில்லை. அவர் மூலக்கடையில் தையல் கடை வைத்திருந்தவர். 'என் ரத்தம்தானம்மா அது, அதை எங்க எடுத்துட்டுப் போற?' என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து இன்று வரை, ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் பத்து நிமிடத்துக்குள் சிரிஞ்சில் அளவு இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் நான் அடுத்த படுக்கைக்குப் போனதில்லை.

அதனால் அப்பாவுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். படுத்த இடத்திலிருந்தே அவர் பார்க்கலாம். சிரிஞ்சில் மருந்து மணிக்கு மணி இறங்குகிறதா? லைனில் ஓடும் ரத்தம் நேரமாக ஆகக் கறுத்து வருகிறதா? டயாலைசரில் நெடுக்காகக் கறுப்புக் கோடுகள் விழுகின்றனவா? மெஷின் திரையில் வீனஸ் பிரஷர் எண் ஆரம்பத்தில் என்ன, மூன்றாவது மணியில் என்ன? 120 என்று தொடங்கியது கொஞ்சம் கொஞ்சமாக 180க்கு ஏறினால், அலாரம் அடிக்கும் வரை காத்திருக்காமல் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சலைன் விட்டு அலசினால் எங்கே அடைக்கிறது என்று தெரிந்துவிடும், சமயத்தில் ரத்தத்தைத் திருப்பி ஏற்றிக் காப்பாற்றவும் முடியும். ஊசி குத்திய கையை மடக்கித் தூங்கிவிடுவதும் அலாரத்துக்கு ஒரு காரணம். கைக்கு அடியில் ஒரு மடித்த துண்டை வைத்துக் கொடுங்கள்.

முடிந்தபின் டயாலைசரைப் பார்க்கக் கேளுங்கள், தப்பில்லை. ரத்தத்தைத் திருப்பி ஏற்றிய பிறகு அது வெளுத்து, லேசான ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். சிவப்புப் பட்டைகள் தங்கியிருந்தால் அந்த இழைகள் அடைத்துவிட்டன என்று அர்த்தம். ஒவ்வொரு தடவையும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அதுவும் அந்தக் காணாமல் போன 0.8இல் சேரும். டயாலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிற மையமாக இருந்தால், உள்ளளவு எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். புதிதாக இருந்தபோது இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பூண்டு ரசத்திலும் குழம்பிலும் இருக்கிற அளவு இருக்கட்டும். பூண்டு மாத்திரை, ரத்த சுத்திப் பொடி, யாரோ சொன்ன கஷாயம் எதுவும் வேண்டாம். அவை மெஷினில் உறைவதைத் தடுக்காது, சிலது வேறு இடத்தில் ரத்தப்போக்கைத்தான் கூட்டும்.

வீட்டில் ஊசித் துளை கசிந்தால், துணியைச் சுருட்டிக் கட்டாதீர்கள். இறுக்கிக் கட்டினால் பிஸ்டுலாவே அடைத்துவிடும். சுத்தமான கட்டுத்துணியை மடித்து, இரண்டு விரலால் துளையின் மேல் அழுத்தி, கையை உயர்த்தி வையுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். இருபது நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பீய்ச்சி அடித்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், அழுத்தியபடியே 108ஐக் கூப்பிடுங்கள். காலையிலும் இரவிலும் த்ரில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அது நின்றுவிட்டால் அன்றே போக வேண்டும், மறுநாள் என்று வைக்காதீர்கள்.

போக மாட்டேன் என்கிறாரே, அதற்கு வருகிறேன். தன் ரத்தம் குப்பையில் போவதைக் கண்ணால் பார்த்தவர் அப்படிச் சொல்வதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் வியாழனிலிருந்து திங்கள் வரும் இடைவெளிதான் இருக்கிறதிலேயே நீளமானது. அதற்கு மேலும் தள்ளினால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு நின்றுவிடக்கூடும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவரிடம் சண்டை போடாதீர்கள். 'ஏன் உறைஞ்சதுன்னு கேட்கத்தான்ப்பா திங்கக்கிழமை போறோம்' என்று சொல்லுங்கள். அரை மணி நேரம் முன்பே போய், ஊசி குத்துவதற்கு முன்னால் டியூட்டி டாக்டரிடம் இந்த நான்கையும் சொல்லுங்கள்: இரண்டு மாதமாக ரத்தம் நிற்கவில்லை, அன்று அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது, ஹீமோகுளோபின் கணக்கைவிட அதிகமாக இறங்கியிருக்கிறது, பல் பிடுங்கிய இடம் இப்போது எப்படி இருக்கிறது. கையைத் தூக்கிப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். டாப்ளர் எடுத்தால் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சிஸ்டர்